நாற்பத்தோராம் நம்பர் அட்டிகை

1

சொந்த அக்காவின் கல்யாண அட்டிகைக்கு நீங்கள் எப்போதாவது ஏல விளம்பரம் எழுதியிருக்கிறீர்களா?

நான் எழுதினேன். இங்கிலீஷில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. படித்துப் பார்த்த எங்கள் துரை, இவ்வளவு ஒழுங்காக எழுதுகிற குமாஸ்தா தனக்கு இதுவரை வாய்த்ததில்லை என்றார். அது யாருடைய அட்டிகை என்று அவருக்குத் தெரியாது.

என் பெயர் சந்தானம். மன்னார்குடி. திருச்சியில் பி.ஏ. முடித்தேன். இப்போது கோலாலம்பூரில் பழைய மார்க்கெட் சதுக்கத்தை ஒட்டிய சடக்கில் இருக்கும் ஓர் ஏலக் கம்பெனியில் குமாஸ்தா. சடக்கு என்றால் இந்த ஊர்த் தமிழில் ரோடு. பி.ஏ. படித்துவிட்டுக் கடல் தாண்டிப் போய் அடுத்தவன் வீட்டு நாற்காலிக்கு நம்பர் ஒட்டுகிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ரப்பர் விலை விழுந்த பிறகு இந்த ஊரில் சுறுசுறுப்பாக நடக்கும் தொழில் எங்களுடையது ஒன்றுதான். எஸ்டேட் துரைமார்கள் வேலை போய் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பல் ஏறுகிறார்கள். ஏறுமுன் பியானோவிலிருந்து குளிக்கிற தொட்டி வரைக்கும் எங்களிடம் வந்து சேர்ந்துவிடுகிறது.

நாளைக்கு ஏலம். இன்று பார்வை நாள். அதாவது, சாமான்களையெல்லாம் ஹாலில் பரப்பி வைப்போம். யார் வேண்டுமானாலும் வரலாம், தொடலாம், தட்டிப் பார்க்கலாம், உட்கார்ந்து பார்க்கலாம். நகையாக இருந்தால் போட்டுப் பார்க்கலாம். கடை அடைக்கும் வரை போட்டிருக்கலாம், அதோடு ஹாலை விட்டு வெளியே போகக்கூடாது, அவ்வளவுதான். நகை மேசைக்குப் பக்கத்தில் ஆ செங் என்கிற எங்கள் சீன ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். துரைசானிகள் வைரத்தோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் அரைநாள் நிற்பார்கள். ஆ செங் கண்ணை இமைக்க மாட்டான்.

இந்த விதியை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

2

நாளைய ஏலத்தில் பார்க்க வேண்டியவற்றை ஊரார் தெரிந்துகொள்ளட்டும்.

ரவாங் பக்கத்து எஸ்டேட் துரை ஒருவரின் புலித்தோல். தானே சுட்டதாகச் சொல்கிறார். தலையோடு பாடம் செய்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடிக் கோலி, ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு. அதே துரையின் பியானோ. இந்த ஊர் ஈரத்தில் கட்டைகள் ஊறிப்போய், அழுத்தினால் பாதி கட்டைகள் எழுந்திருப்பதில்லை. கிள்ளானில் ஒரு தவுக்கே, அதாவது சீன முதலாளி, வீட்டிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஜாடி. ஓர் ஆள் உள்ளே உட்காரலாம். தந்தப் பிடி போட்ட மலாய்க் கிரிஸ். எண்ணெய்ச் சாயத்தில் வரைந்த ஒரு பெரிய படம்: மழையில் நனைகிற ஏழெட்டுச் செம்மறி ஆடுகள். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் துரை அதன் முன்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினார். அவர் பிறந்த ஊர் ஆடுகளாம். எனக்கு மன்னார்குடி ஹரித்ராநதி நினைவு வந்தது. நல்ல வேளையாக யாரும் அதை வரைந்து ஏலத்துக்குக் கொண்டுவரவில்லை.

துரை எனக்குக் கற்றுக்கொடுத்த தொழில் ரகசியம் ஒன்று உண்டு. வெறும் கிரிஸ் என்று போட்டால் கத்தி விலைதான் கிடைக்கும். இன்ன பெரிய வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை இடுப்பில் இருந்தது என்று போட்டால் நாலு பேர் போட்டி போடுவார்கள். ஆகவே விற்க வருகிறவரிடம் பொருளின் பூர்வீகத்தைக் கேட்டு வாங்கு, அவர் சொன்னதை அப்படியே அச்சில் போடு, கீழே அவர் கையெழுத்தை வாங்கு. வெள்ளைக்காரர்களுக்குப் பூர்வீகம் என்றால் பைத்தியம்.

நம்மவர்களுக்கும் பூர்வீகம் என்றால் பைத்தியம்தான். ஆனால் வேறு விதமான பைத்தியம். நம்மவர்கள் ஒரு நகையைக் கையில் எடுத்ததும் கேட்பது ஒரே கேள்வி: போட்டிருந்தவள் என்ன ஆனாள்?

துரைக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் இவ்வளவும்.

3

அட்டிகை செய்தது எங்கள் வீட்டில். கமலம் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அப்பா ஆசாரியைக் கூடத்துக்கே வரவழைத்து உட்கார வைத்தார். அப்பா வக்கீல் குமாஸ்தா. யாரையும் நம்பாதது அவர் தொழிலோடு வந்த வியாதி. ஆசாரி ஊதுகுழலை வாயில் வைத்தால் அப்பா எதிரே விசிறியோடு உட்காருவார். சிவப்புக்கல் வரிசையாகப் பதித்து வந்தபோது ஒரு கல் குறைந்தது. கும்பகோணத்துக்கு ஆள் அனுப்பி வாங்கிய கல் நிறம் கொஞ்சம் வெளுப்பு. இடது பக்கம் பதக்கத்துக்கு அடுத்தாற்போல் அதைப் பதித்தார்கள். மாதுளம் முத்துக்கு நடுவில் ரோஜாப்பூ இதழ் ஒன்று ஒட்டிக்கொண்டது மாதிரி. அப்பா ஆசாரியைத் திட்டித் தீர்த்தார். அக்கா மட்டும், அந்தக் கல்தான் தனக்குப் பிடித்திருக்கிறது, எங்கே கிடந்தாலும் அடையாளம் தெரியும் என்றாள்.

மாப்பிள்ளை வீடு கிள்ளான். மாமனார் சோமசுந்தரம் அங்கே அரசாங்க ஆபீஸ் ஒன்றில் பெரிய கிராணி. கிராணி என்றால் குமாஸ்தா. ஊரில் இருந்து பார்க்கும்போது மலாயாக் கிராணி என்றால் பாதிக் கலெக்டர். நாங்களும் அப்படித்தான் நினைத்துக் கொடுத்தோம்.

சில வருஷம் கழித்து அப்பா படுக்கையில் விழுந்தார். அக்கா பார்க்கக் கிளம்பினாள். அப்போது கிராணியார் அக்கறையோடு ஒரு வார்த்தை சொன்னாராம். கப்பலில் திருட்டுப் பயம், நகையெல்லாம் எதற்கு, வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டுப் போ என்று. அக்காவும் திருமாங்கல்யத்தைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். இந்தத் தவறைக் கப்பல் ஏறுகிற நம் பெண்கள் மட்டும்தான் செய்ய முடியும். உள்ளூரில் மாமனார் கேட்டால் எந்தப் பெண்ணும் கழற்றுவதற்கு முன் நாலு தடவை யோசிப்பாள். கடல் நடுவில் இருப்பதால் அதை எல்லோரும் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறோம்.

அப்பா காரியம் முடிந்தபின் அக்காவோடு நானும் புறப்பட்டு வந்தேன். போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் டெக் பிரயாணிகளை நோய்த்தடுப்பு முகாமில் அடைப்பார்கள். மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டி, துணியை ஆவியில் வேகவைத்து, பிறகு பேர் கூப்பிடுவார்கள். அழைத்துப்போக ஆள் வந்தவர்கள் எல்லாம் போனார்கள். அங்கிருந்த அதிகாரி அக்காவிடம் புருஷன் பேர் கேட்டான். அவள் நம் வழக்கப்படி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். அப்படியானால் அவர் எங்கே என்றான். அக்கா வாசல் பக்கம் பார்த்தாள்.

டிரங்குப் பெட்டியோடு கிள்ளான் வீட்டு வாசலில் போய் நின்றோம். கிராணியார் கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார். அத்தான் அவருக்குப் பின்னால் தரையைப் பார்த்தபடி நின்றார். இவனுக்கு வேறு ஏற்பாடு நடக்கிறது, நீங்கள் உங்கள் வழியைப் பாருங்கள் என்று கிராணியார் சொன்னார். சண்டை போடக் கூட எங்களுக்குத் தெம்பில்லை. பெண்ணை அனுப்பினால் பெண்ணோடு வந்ததையும் அனுப்ப வேண்டும் என்பது நம் பக்கத்தில் எந்தக் குடியானவனுக்கும் தெரிந்த நியாயம். அதைத்தான் நான் கேட்டேன். அட்டிகையையாவது கொடுங்கள் என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மருந்துத் தண்ணீர் வாடை இன்னும் என் சட்டையில் இருந்தது.

"பி.ஏ. படிச்சிருக்கியாமே தம்பி. ரசீது இருக்கா?"

கதவைச் சாத்திவிட்டார்.

கூடத்தில் ஆசாரி உட்கார்ந்து செய்த அட்டிகைக்கு எவன் ரசீது வைத்திருப்பான்? கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை ரயிலில் அக்கா டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து வந்தாள். நான் அந்த இரண்டு வார்த்தையை மட்டும் மென்றுகொண்டே வந்தேன். இன்றைக்கு வரை துப்பவில்லை.

4

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஓர் அறை எங்களுக்கு. அக்கா தையல் மிஷின் ஓட்டுகிறாள். வீட்டுக்கார அம்மா அக்காவிடம் பேசுவதில் பாதி அக்காவுக்குப் புரியாது, அக்கா பேசுவதில் பாதி அந்த அம்மாவுக்குப் புரியாது, இரண்டும் தமிழ்தான். அந்த வீட்டுக் குழந்தைகள் எங்களுக்கு மொழிபெயர்ப்பார்கள், அதில் பாதி மலாய். தமிழனாகப் பிறந்து தமிழ் வீட்டில் துபாஷி வைத்துக்கொண்டு குடியிருக்கிறோம். இதுவும் ஒரு வாழ்வு.

போன மாதம் ஒரு நாள் நான் தடுப்புக்குப் பின்னால் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் துரையின் மேசை. யாரோ இங்கிலீஷில் பேசுகிற குரல் கேட்டது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு "சார்". கை தானாக நின்றுவிட்டது. தடுப்பின் இடுக்கில் பார்த்தேன். கோட்டு, டை, மடியில் தொப்பி. கிராணியார்தான்.

பென்ஷனாகிவிட்டதாம். ஊருக்கே திரும்பப் போகிறாராம். தை பிறந்ததும் தஞ்சாவூர்ப் பக்கம் மகனுக்கு விவாகம் செய்யப் போகிறாராம். ஆகவே வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் எங்கள் மூலமாக ஏலத்தில் விற்க வேண்டும். கருங்காலியில் பளிங்கு பதித்த நாற்காலிகள், கிராமபோன், வெள்ளிச் சாமான், அதோடு புராதனமான தென்னிந்திய நகை ஒன்று.

இதைப் படிக்கிற தஞ்சாவூர் ஜில்லாப் பெண்ணைப் பெற்றவரே, கிள்ளானில் பெரிய கிராணியாக இருந்து பென்ஷன் வாங்கியவர் வீட்டுச் சம்பந்தம் என்று யாராவது வந்து நின்றால், உங்கள் கூடத்தில் ஆசாரியை உட்கார வைக்கும் முன் இந்தக் கட்டுரையைக் கடைசி வரை படித்துவிடுங்கள்.

துரை வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். பேர் போட விருப்பம் இல்லாதவர்களுக்கு "ஊரை விட்டுப் போகும் ஒரு கனவானின் சொத்து" என்று பொதுவாகப் போடுவோம் என்றார். அப்போது கிராணியார் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு அவர் மேல் ஆசையாக இருக்கிறது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெள்ளைக்கார அதிகாரிகள் சாமானை ஏலம் விடும்போது இன்ன பதவியில் இருந்த இன்னார் என்று முழுப் பேரும் கொட்டை எழுத்தில் வருகிறதே, தன் பேரும் அப்படியே வர வேண்டும் என்றார். அது மட்டும் இல்லை. கிள்ளானில் ஒரு சீன ஓவியரிடம் சரிகைத் தலைப்பாகையோடு தன்னைப் படமாக எழுதி வாங்கியிருக்கிறாராம். பார்வை நாளன்று அந்தப் படம் தன் சாமான்களுக்கு மேலே சுவரில் தொங்க வேண்டுமாம். விற்பனைக்கு அல்ல. பார்வைக்கு.

வெள்ளைக்காரனுக்கு வீட்டு ஏலம் என்பது சீமைக்குப் போகுமுன் கொடுக்கிற டீ பார்ட்டி மாதிரி. நம் ஆளுக்கு வீடு ஏலம் போனது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் துரைமார் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவருக்கு அது மறந்துவிட்டது. அவர் தொப்பியைப் பார்த்தே பழகிவிட்டார், தலையை மறந்துவிட்டார்.

அவர் போனதும் நான் துரையிடம் போனேன். நகைக்குப் பூர்வீகம் கேட்டு எழுதலாமே சார் என்றேன். துரை சந்தோஷப்பட்டார். தன் சிஷ்யன் தேறிவிட்டான் என்று நினைத்திருப்பார். அன்றைக்கே கடிதம் போயிற்று.

5

பதிலைக் கிராணியார் தம் கையாலேயே அழகான எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தார். தஞ்சாவூர் ஜில்லாவில் மதிப்புள்ள ஒரு குடும்பத்தார் தம் பெண்ணை என் குமாரனுக்குக் கொடுத்தபோது, தம் வீட்டு அந்தஸ்துக்கு ஏற்றபடி வீட்டிலேயே தட்டானை வைத்துச் செய்து, மருமகளுக்குச் சீதனமாக அணிவித்து அனுப்பிய சிவப்புக்கல் அட்டிகை. கீழே கையெழுத்து. பழைய பதவி வேறு.

வெல்வெட்டுத் துணியில் சுற்றி அட்டிகை வந்தது. இடது பக்கம், பதக்கத்துக்கு அடுத்தாற்போல், வெளுத்த கல். பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்தேன். நாற்பத்தொன்று என்று நம்பர் ஒட்டினேன்.

கேட்டலாக்கில் அவர் எழுதியதை அப்படியே அடித்தேன். பிறகு துரையிடம் இன்னொரு யோசனை சொன்னேன். சிவப்புக்கல் அட்டிகை வாங்குகிறவர்கள் செட்டியார்களும் நம்மவர்களும்தானே, தமிழில் ஒரு நோட்டீஸ் போட்டால் என்ன? துரை உடனே சரி என்றார். வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் முடிதிருத்தும் கடை முதல் கிள்ளான் பாசார் என்கிற மார்க்கெட் வரைக்கும் ஒட்டியாயிற்று. ஏல மணி அடித்துக்கொண்டு போகிற ஆள் ஊர் ஊராக வினியோகமும் செய்தான்.

மறுநாள் முகம் மழிக்க உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு ரயில்வேக்காரர் நோட்டீஸைச் சத்தமாகப் படித்தார். கடையே கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டது.

"மருமக சீதனத்தை மாமனாரு பேர் போட்டு விக்கிறாரா? அந்தப் பொண்ணு செத்துப் போச்சா?"

"செத்திருந்தா அப்பன் வீட்டுக்கில்ல போவணும்."

"அப்ப உசுரோட இருக்குதுலா."

 கத்தி மறுபடியும் ஓட ஆரம்பித்தது. நான் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். சோப்பு நுரைக்குள்ளே பல் தெரிந்தது.

பழி வாங்குவது தப்பு என்று யாராவது பெரியவர்கள் எனக்குக் கடிதம் போட நினைத்தால், தபால் செலவை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

6

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் திட்டம் இதுதான். எந்தத் தமிழனும் கை தூக்க மாட்டான். செட்டியார்கள் தொட மாட்டார்கள். வெள்ளைக்காரனுக்கு அட்டிகையை எங்கே கட்டுவதென்றே தெரியாது. கேட்க ஆளில்லாமல் கிடக்கும்போது நான் கேட்டு அற்ப விலைக்கு எடுத்துவிடுவேன். கிராணியாருக்கு நஷ்டம், அவமானம். நமக்கு அட்டிகை.

அக்கா மிஷினை நிறுத்தவில்லை. ஒரு மடிப்பு முழுவதையும் ஓட்டி முடித்தாள். நூலைப் பல்லால் கடித்தாள்.

"என் பொருளை நான் எதுக்குடா விலைக்கு வாங்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு சாமர்த்தியம் பண்ணி வைத்திருக்கிறேன், இவள் இப்படிக் கேட்கிறாளே என்று கோபம் வந்தது. வேறு வழி இருந்தால் சொல் என்றேன். கோர்ட்டுக்குப் போனால் அப்பா பார்த்த வக்கீல்கள் மாதிரிப் பத்துப் பேர் நம்மைத் தின்றுவிடுவார்கள் என்றேன்.  பார்வை நாள் என்றால் என்ன என்று மட்டும் கேட்டாள். மேலே உங்களுக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். பொம்பளைங்களா, நம்மவங்களா இருந்தாலுமா என்றாள். யாராக இருந்தாலும் என்றேன்.

சாப்பாடு போட எழுந்து போய்விட்டாள்.

7

இன்று காலையில் ஹாலைத் திறந்ததும் கிராணியார் வந்தார். கிள்ளான் சிநேகிதர்கள் நாலைந்து பேரையும் அழைத்து வந்திருந்தார். சுவரில் சரிகைத் தலைப்பாகையோடு அவரே தொங்கினார். கீழே கோட்டும் டையுமாக அவரே நின்றார். இரண்டு பேரில் படத்தில் இருந்தவர்தான் சந்தோஷமாக இருந்தார். ஏனென்றால் அவர் நோட்டீஸ் ஒட்டிய சடக்குகள் வழியாக வரவில்லை.

நான் கேட்டலாக் கட்டோடு எதிரே போனேன். அடையாளம் தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீ இங்க என்னடா பண்றே?"

"வேலை பாக்கறேன் மாமா."

"அந்தத் தமிழ் நோட்டீஸ்..."

"நீங்க எழுதிக் கொடுத்ததுதான் மாமா. ஒரு எழுத்து மாறியிருந்தா சொல்லுங்க, திருத்திடறேன்."

அவர் துரையைத் தேடினார். துரை ஆட்டுப் படத்துக்கு முன்னால் ஒரு துரைசானியோடு நின்றுகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கிள்ளான் செட்டியார் ஒருவர் அட்டிகையைக் கையில் எடுத்தார். லென்சை வைத்துக் கல் கல்லாகப் பார்த்தார். நல்ல வேலைப்பாடு என்று தலையாட்டினார். பிறகு திரும்பி, ஊர்க் க்ஷேமம் விசாரிக்கிற குரலில் கேட்டார்:

"மருமக சௌக்கியமா கிராணி?"

"ஊர்ல இருக்கா."

"அப்படியா. நல்லா இருக்கட்டும்."

அட்டிகையை வெல்வெட்டில் வைத்துவிட்டு விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பின் வந்த நம்மவர்கள் எல்லோரும் மேசையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கிள்ளான் சிநேகிதர்கள் ஜாடியைப் பார்க்கப் போனவர்கள் திரும்பவில்லை. அத்தோடு நாள் முடிந்திருந்தால்கூட எனக்குத் திருப்திதான். தடுப்புக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து காப்பி குடித்தேன். அவ்வளவு ருசியான காப்பியை நான் கும்பகோணத்தில்கூடக் குடித்ததில்லை.

சாயங்கால வெயில் ஹாலுக்குள் விழுகிற நேரத்தில் அக்கா வந்தாள்.

வரப்போவதாக என்னிடம் சொல்லவில்லை. தானே தைத்த ரவிக்கை, சாதாரண நூல் புடவை, கையில் குடை. யாரையும் பார்க்காமல் நகை மேசைக்குப் போனாள். ஆ செங்கிடம் "போலே?" என்று கேட்டாள். மலாயில் அதற்கு "செய்யலாமா" என்று அர்த்தம். அவன் தலையாட்டி "போலே, போலே" என்றான். அக்கா குடையை மேசையில் சாத்தி வைத்தாள். அட்டிகையை எடுத்துக் கழுத்தில் வைத்துப் பின்னால் கொக்கியை மாட்டினாள். கண்ணாடி பக்கம் போகவில்லை. கிராணியாரின் கருங்காலி நாற்காலி ஒன்றில், கிராணியாரின் படத்துக்கு நேர் கீழே, போய் உட்கார்ந்துவிட்டாள்.

வெளுத்த கல்லின் மேல் வெயில் பட்டது.

கிராணியார் கிட்டே போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். ஆனால் ஏல ஹாலில் எல்லாம் கேட்கும்.

"கமலம், கழட்டி வெச்சுட்டுப் போ. நாலு பேர் பாக்கறாங்க."

"பாக்கட்டும் மாமா. பாக்கறதுக்குத்தானே இன்னைக்கு."

"அது என் வீட்டுப் பொருள்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளும் அந்த இரண்டு வார்த்தையை நான் மட்டும்தான் மென்றுகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

"ரசீது இருக்கா மாமா?"

 பியானோவை அழுத்திக்கொண்டிருந்த துரைசானிகூட நிறுத்திவிட்டாள். கிராணியார் ஆ செங்கைக் கூப்பிட்டு அட்டிகையைக் கழற்றி வாங்கச் சொன்னார். ஆ செங் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இன்னும் கடை அடைக்கவில்லை, அந்த அம்மா ஹாலை விட்டு வெளியேயும் போகவில்லை என்று மலாயில் சொன்னான். விதி விதிதான்.

துரை வந்தார். என்ன விஷயம் என்று என்னைக் கேட்டார். இந்த அம்மாள்தான் நாற்பத்தோராம் நம்பரில் சொல்லியிருக்கும் மருமகள், சார் என்றேன். அவள் என் அக்கா என்பதையும் சொன்னேன். துரை என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நாளைக்கு எனக்குச் சீட்டுக் கிழியலாம். கிழியட்டும்.

பிறகு துரை கேட்டலாக்கைப் பிரித்து, கிராணியார் எழுதிக் கொடுத்ததை அவர் முன்னாலேயே உரக்கப் படித்தார். மதிப்புள்ள குடும்பம். வீட்டிலேயே செய்தது. மருமகளுக்குச் சீதனம். படித்துவிட்டு மூன்றே கேள்வி கேட்டார். இதில் வருகிற மருமகள் இந்த அம்மாள்தானா? ஆம் என்றால், இதை விற்க அவள் உங்களுக்கு எப்போது சம்மதம் கொடுத்தாள்? இல்லை என்றால், நீங்கள் கையெழுத்துப் போட்டது பொய்யா? யாருடையது என்று தெரியாத பொருளுக்குத் தன்னால் மணி அடிக்க முடியாது என்றும் சொன்னார். பதில் எதுவானாலும் சரி, சொல்லுங்கள், என் குமாஸ்தா டைப் அடிப்பான், கீழே கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றார்.

8

ஆகவே நான் டைப் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். காகிதம் சொருகியாயிற்று. மேலே நம்பர் நாற்பத்தொன்று என்று அடித்துவிட்டுக் காத்திருக்கிறேன். அடிக்க ஒன்றும் வராததால் பக்கத்தில் வேறு காகிதம் வைத்து உங்களுக்கு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பத்திரிகை ஆசிரியர் மன்னிக்க வேண்டும். ஒரு கண் ஹாலில் இருக்கிறது.

கிராணியார் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறார். துரை அவருக்கு நாற்காலி போடச் சொன்னார், உட்காரவில்லை. ஆ செங் கடை அடைக்க முன்பக்கப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டான். அக்கா குடையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் இன்னும் கழற்றவில்லை.